கார்டில் வந்த மொய்

என் வீட்டுக்காரர் டவுனில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சாபீஸ் வைத்திருக்கிறார். வருஷக்கணக்காக ‘நிகழும் மங்களகரமான’ என்று அடித்து அடித்து மனுஷருக்கு வேறு தமிழே மறந்துவிட்டது. கேஸ் சிலிண்டர்காரருக்குக் கதவில் சீட்டு ஒட்டினால்கூட, ‘தாங்கள் அவசியம் வருகை தந்து பக்கத்து வீட்டில் இறக்கிவைக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளும், தங்கள் நல்வரவை நாடும்’ என்று கீழே தன் பெயரைப் போடுவார். இத்தனை வருஷம் எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தத் தமிழ் என் தொழிலின் கழுத்தில் கைவைத்த பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று.

நான் தாம்பூலப் பை தைக்கிறவள். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வரும்போது தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுப்பார்களே, அந்தத் துணிப்பை. பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று மெஷின் கிடக்கிறது. நானும் இன்னும் இரண்டு பெண்களும் தைக்கிறோம். பெயர் அச்சடிக்கும் வேலையை வீட்டுக்காரரின் ஆபீஸிலேயே முடித்துக்கொள்வேன். அதற்கு அவருக்குக் கூலி கொடுத்துவிடுவேன். புருஷன் பெண்டாட்டி என்றாலும் கணக்கு கணக்குதான்.

சேரன்மகாதேவியில் பிறந்து இப்போது அமெரிக்காவில் இருக்கிற ஒரு அம்மா, யார் வீட்டுக் கல்யாணத்திலோ என் பையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார். அவர் மகளுக்கு ஆவணியில் அங்கேயே கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை பெயர் போட்டு நானூறு பை வேண்டும், என்ன விலை என்றார். சொன்னேன். சரி என்றார். பேரம்கூடப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் குண்டைத் தூக்கிப் போட்டார். “பணம் கட்ட நீங்க அனுப்புற ஸ்கேன் படமெல்லாம் இங்க ஆகாதும்மா. கிரெடிட் கார்டுல வாங்க வழி பண்ணுங்க. பண்ணிட்டுச் சொல்லுங்க, அன்னைக்கே மொத்தமா கட்டிடுறேன்.”

வழி பண்ணுவோம் என்று நானும் துணிந்து, சீட்டு எடுத்த பணம் முழுவதையும் துணியில் போட்டேன். நானூறு பைக்கும் துணி வெட்டி, இரண்டு பெயரையும் அச்சடித்தாயிற்று. அந்தக் கல்யாணம் தவிர உலகத்தில் வேறு எந்தக் கல்யாணத்துக்கும் அந்தப் பை உதவாது. இந்த ஆர்டர் கைவிட்டால், பெயர் எழுதிய நானூறு துண்டுத் துணியும் எனக்கு ஆயுசுக்கும் கரித்துணி. அடுத்த மாதத்திலிருந்து சீட்டுத் தவணையை வீட்டுக்காரரிடம் கைநீட்டித்தான் கட்ட வேண்டும்.

கார்டுப் பணத்தை வாங்கி நம் வங்கிக் கணக்கில் சேர்த்துவிடுகிற கம்பெனிகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் விண்ணப்பம் போட்டேன். பான் கார்டு கேட்டார்கள், குறுக்கே கோடு அடித்த செக் கேட்டார்கள், கடையின் போர்டோடு ஒரு போட்டோ கேட்டார்கள். மாடிப்படிக்கு ஏது போர்டு? வீட்டுக்காரர் ஒரே மத்தியானத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் தங்க எழுத்தில் என் கடைப் பெயர். பார்க்கிறவன் உள்ளே பந்தி நடக்கிறது என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிடுவான்.

கடைசியில் வீடியோவில் முகம் காட்டச் சொன்னார்கள். நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்து இடப்பக்கம் திரும்பினேன், வலப்பக்கம் திரும்பினேன், இரண்டு கண்ணையும் சிமிட்டினேன். காபி கொண்டுவந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏளா, யாருகிட்ட கண்ணச் சிமிட்டுத?”

“கம்பெனிக்காரன்கிட்ட. அவந்தான் சிமிட்டச் சொன்னான்.”

“என்ன கம்பெனிட்டி அது?” என்று கேட்டவர், அது ஆள் இல்லை, கம்ப்யூட்டர்தான் என்று நான் சொல்லும்வரை டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ‘உங்கள் கணக்கு தயார்’ என்று வந்தது. அமெரிக்காக்காரம்மாவுக்கு இணைப்பை அனுப்பினேன். சொன்னது போலவே முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். போனில் அந்தத் தொகையை மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன். என் பெயருக்கு, என் கைவேலைக்கு, கடல் தாண்டி வந்த பணம். மூன்று நாளில் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும் என்றிருந்தது. அதற்குள் தைத்து முடித்துவிடலாம் என்று மெஷினில் உட்கார்ந்தேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் ஆண்டி அந்நேரம் அச்சாபீஸில் உட்கார்ந்து, பெண்டாட்டி பெருமையில் நெஞ்சு கொள்ளாமல், எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு சேதி தட்டிக்கொண்டிருந்தார். பிறகுதான் நான் படித்தேன். ‘நிகழும் மங்களகரமான ஆனி மாதம், எனது இல்லத்தரசியின் இணையதளக் கடையில் பணம் செலுத்தும் வசதி இனிதே துவங்கப்பட்டிருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ கீழ்க்கண்ட இணைப்பில் எழுந்தருளி, விழாவினைச் சிறப்பித்துத் தரும்படி அன்புடன் வேண்டுகிறேன்.’ அதற்குக் கீழே இணைப்பு. இணைப்பைத் தொட்டால், ‘தொகையை எழுதவும்’ என்று ஒரு வெற்றுக் கட்டம்.

இப்படி ஒரு அழைப்பைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே பணம் போட ஒரு கட்டமும் வைத்தால், நம் ஊரில் எவன் சும்மா இருப்பான்? மொய் எழுதினார்கள்.

நூற்றொன்று வந்தது. ஐந்நூற்றொன்று வந்தது. முதலில் யாரோ பை கேட்கிறார்கள் என்று நினைத்து நான் சந்தோஷமாகக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். ‘கல்லிடைக்குறிச்சி பெரிய வீட்டு வகை’ என்றிருந்தது. இன்னொன்றில் ‘அச்சாபீஸ் அத்தானுக்கு’ என்றிருந்தது. கடை என்னுடையது, மொய் அத்தானுக்கு! அம்பாசமுத்திரத்து மாமா ஆயிரத்தொன்று. இவர் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா, நெல் மண்டி வைத்திருந்தவர், குடும்பத்தில் இவர் சொன்னால் அப்பீல் கிடையாது. ஒரு மதினி நூற்றொன்று போட்டுவிட்டு, ‘தாய்மாமன் சீர் பின்னால் வரும்’ என்று எழுதியிருந்தாள். யாருக்கு என்ன விசேஷம் என்று அவள் நினைத்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் மத்தியானத்துக்குள் மொத்தம் இருபத்தாறு மொய்.

சாயந்திரம் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ‘சந்தேகத்துக்கு இடமான வரவுகள் இருப்பதால் உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.’ அமெரிக்காப் பணமும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டது. அடுத்த பத்தாவது நிமிஷம் ஒரு பெண் பேசினாள். கம்பெனியில் அதிகாரி, சென்னைப் பேச்சு.

“மேடம், இந்த ஐநூத்தி ஒண்ணு எதுக்கு வந்திருக்கு?”

“அது எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒண்ணுவிட்ட அக்காம்மா.”

“ஆள் இல்ல மேடம், பொருள். என்ன பொருள் வித்தீங்க?”

“பொருளெல்லாம் ஒண்ணும் விக்கல. மொய்யி.”

அவள் மெதுவாகச் சொன்னாள். “நானும் தமிழ்தான் மேடம். மொய்னா எனக்குத் தெரியும். எங்க கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரே நாள்ல இருபத்தாறு பேர், எல்லாமே ஒண்ணுல முடியற தொகை, ஒரு பொருள்கூட வெளிய போகல. திருட்டு கார்டு வேலை செய்யுதான்னு சோதிச்சுப் பாக்கறவங்கதான் இப்படிப் பண்ணுவாங்க.”

“ஏம்மா, பெரிய வீட்டு அத்தைக்கு எழுபத்திரண்டு வயசு. அவுகளா திருட்டு கார்டு வச்சிருக்காவ?”

“புரியுது மேடம். ஆனா ஏழு நாள் டைம். ஒவ்வொரு தொகைக்கும் பில் காட்டணும், பொருள் போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி காட்டணும். இல்லன்னா அந்தத் தொகையத் திருப்பி அனுப்பணும். ரெண்டும் நடக்கலன்னா அமெரிக்கா பணம் உள்பட எல்லாத்தையும் நாங்களே திருப்பி அனுப்பிட்டுக் கணக்க மூடிடுவோம். நடுவுல பணம் போட்டவங்க அஞ்சு பேருக்கு நானே போன் பண்ணிக் கேப்பேன்.”

வீட்டுக்காரர் வந்ததும் நான் சாமியாடினேன். மாடியில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் பையப் பைய இறங்கிப் போய்விட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “நான் நல்லாத்தானளா எழுதுனேன்? ஒரு எழுத்துப் பிழை உண்டா?” என்றார். சவத்த என்னவென்று சொல்ல! பிறகு அவரே ஒரு யோசனையும் சொன்னார். ஆளுக்குப் பத்துப் பையை அனுப்பிவிட்டு, பை வாங்கியதாக பில் போட்டுவிடலாமாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு வழிதான் என்று பட்டது. ஆனால் நான் பில் புத்தகத்தை எடுப்பதற்குள் அந்தப் பெண் போன் பண்ண ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் சொந்தக்காரர்களிடம் ஆயிரம் குறை உண்டு, பொய் மட்டும் சொல்லமாட்டார்கள். அதுவும் சொல்ல வேண்டிய நேரத்தில் சத்தியமாகச் சொல்லமாட்டார்கள். பெரிய வீட்டு அத்தை, “நான் எதுக்கு அவகிட்ட பை வாங்குதேன்? எங்க வீட்டுல பரண் நெறையப் பை கிடக்கு” என்றிருக்கிறார். பிறகு அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, அப்பாவுக்கு எந்த ஊர், சம்பளம் எவ்வளவு என்று விசாரித்து, தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒரு பையனையும் சொல்லியிருக்கிறார். அம்பாசமுத்திரத்து மாமாதான் எல்லோரையும் மிஞ்சினார். மொய் நோட்டையே எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாக வாசித்துக் காட்டிவிட்டார். “எங்க மூத்த மவ கல்யாணத்துக்கு இந்த அச்சாபீஸ்காரன் இருநூத்தி ஒண்ணு வச்சான். ரெண்டாவது மவளுக்கு முன்னூத்தி ஒண்ணு. அத நான் திருப்பிச் செய்யாண்டாமா? வாங்குனத விடக் கூடத்தான் செய்யணும். அதாம்மா மொறை.”

மறுநாள் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது.

“மேடம், இப்போ கேஸ் வேற மாதிரி ஆயிடுச்சு. நீங்க முன்னாடி பணம் குடுத்து, இப்போ அதிகமா வசூல் பண்றீங்கன்னு எங்க ஆளுங்க எழுதிட்டாங்க. வட்டிக்குக் குடுக்க உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பை தைக்கிறவள் முதலில் திருடியானேன், இப்போது கந்துவட்டிக்காரியும் ஆனேன். மூன்று நாள் ஓடிவிட்டது. அமெரிக்காக்காரம்மா வேறு, “பை ரெடியாம்மா?” என்று கேட்டு அனுப்பியிருந்தார். “திருப்பி அனுப்பிடுங்க மேடம். அது ஒண்ணுதான் வழி” என்றாள் அந்தப் பெண்.

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். வைத்த மொய்யைத் திருப்பிக் கொடுப்பது என்றால் எங்கள் பக்கம் உறவு முறிந்தது என்று அர்த்தம். இழவு வீட்டில்கூட அந்தச் சண்டை தீராது. ஆனாலும் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பட்டியலில் முதலாவதாக இருந்த பெயரைத் தொட்டு ‘திருப்பி அனுப்பு’ என்பதை அழுத்தினேன். அது மாமாவின் ஆயிரத்தொன்று. பணம் போய்ச் சேர ஐந்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. அதற்குள் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பணத்துக்குத்தான் ஐந்து நாள், குறுஞ்செய்தி அந்த நொடியே போய்விடும் என்பதை எந்த மூதியும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்காரரின் போன் அடித்தது. அவர் காதில் வைப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டது.

“ஏலே! உன் பொண்டாட்டி என் மொய்யத் தூக்கி என் மூஞ்சில எறிஞ்சிட்டாலே! நான் செத்தா நீ வராத! நீ செத்தாலும் நான் வர மாட்டேன்!”

வீட்டுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, “ஏளா, பாக்கி இருபத்தஞ்சத் தொட்டுராத. தங்கச்சி மவனுக்குக் காதுகுத்து வருது. ஒரு நாய் வராது” என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பொண்டாட்டியின் நானூறு பை நாறிக் கிடக்கிறது, இவருக்குக் காதுகுத்துக்குக் கூட்டம் சேர வேண்டும்! அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமாவிடம் ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ இரண்டைத் தவிர நான் வேறு பேசியதில்லை.

“மாமா, நாந்தான் பேசுதேன். எங்க கல்யாணத்துக்கு மொய் வச்சீய, வாங்கிக்கிட்டேன். புள்ளைக்குக் காது குத்துனப்ப வச்சீய, வாங்கிக்கிட்டேன். இது விசேஷம் இல்ல மாமா. இது கடை. நாலு வருசமா உங்க எல்லார் வீட்டுக்கும் நான் பை தச்சுக் குடுத்திருக்கேன். ஒரு ஆளு விலை கேட்டீயளா? ‘பாத்துச் செய்யுதோம்’னு ஆளுக்கொரு சேலை எடுத்துக் குடுத்தீய. பீரோ நெறையச் சேலை தொங்குது, துணிக்கடைக்காரனுக்குக் கட்ட எங்கிட்ட காசு இல்ல. நான் தைக்கது உங்களுக்கெல்லாம் பொழுதுபோக்காத் தெரியுது. இந்த மொய்யத் திருப்பலன்னா எனக்கு வந்த ஒரே ஆர்டரும் போயிரும். எனக்கு மொய் வேண்டாம் மாமா. வேணும்னா வந்து விலை கேளுங்க.”

மாமாவின் வெற்றிலைச் செருமல் ஒன்று கேட்டது, பிறகு போன் அறுந்தது. நான் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கவே பாக்கி இருபத்தைந்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் கம்பெனி பிடித்த கமிஷன் திரும்ப வராது, அது என் தலையில்தான். மாமாவிடம் சொன்னதையே சுருக்கி, என் குரலிலேயே குழுவிலும் பேசிப் போட்டேன். எல்லோரும் கேட்டதற்கு அடையாளம் விழுந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. கை கும்பிடுகிற படத்தைக்கூட ஒருவரும் போடவில்லை.

ஆறாம் நாள் கணக்குத் திறந்தது. அந்தப் பெண்ணே கூப்பிட்டுச் சொன்னாள். “அந்தத் தூத்துக்குடிப் பையன் வேண்டாம்னு உங்க அத்தைகிட்ட சொல்லிடுங்க மேடம், தினமும் போன் பண்றாங்க” என்றும் சொன்னாள். அமெரிக்காப் பணம் வந்தது, பை போனது, கல்யாணமும் நடந்தது. துணிக்கடைப் பழைய பாக்கியைக் கட்டியது போக மிச்சத்தைச் சீட்டில் போட்டேன்.

ஆனால் சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாத்தனார் மகனின் காதுகுத்துக்கு எல்லோரும்தான் வந்தார்கள், என்னோடு பேச ஆளில்லை. பந்தியில் பாயசக்காரன்கூட என் இலையைத் தாண்டிப் போனான். அவன் சொந்தக்காரனே கிடையாது, சமையல்காரரோடு கூலிக்கு வந்தவன், அவனுக்கு யார் சொல்லிவைத்தார்களோ. நான் வீம்பாக நிமிர்ந்து உட்கார்ந்து மோர்ச்சோற்றோடு எழுந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. இருபத்தாறு வீடு போய்விட்டதே, அப்படி நான் என்னதான் சம்பாதித்துவிட்டேன் என்று தோன்றியது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார்.

ஐப்பசி பிறந்து ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், என் போன் அடித்தது. அம்பாசமுத்திரத்து மாமா. வீட்டுக்காரர் போனுக்கு இல்லை, என் போனுக்கு.

“பேத்திக்குத் தையில கல்யாணம்” என்றார் எடுத்த எடுப்பில். “பையி என்ன விலை?”

பெடலிலிருந்து காலை எடுத்தேன். “எத்தனை வேணும் மாமா?”

“ஐநூறு. விலையச் சொல்லு மொதல்ல.”

“முப்பத்தெட்டு ரூவா மாமா.”

“முப்பத்தெட்டா? என்னளா, துணியா தங்கத் தகடா? மதுரையில முப்பத்தொண்ணுக்குத் தாரான்.”

“அது நெய்த துணி இல்ல மாமா, ஒட்டுத்துணி. ரெண்டு தேங்காயப் போட்டா அடி கிழிஞ்சிரும்.”

“கைப்பிடி குட்டையா இருக்குன்னு உங்க அத்தை சொல்லுதா.”

“நீளமா வச்சுத் தாரேன். விலை அதேதான்.”

காரியமாகக் கால் மணி நேரம் பேசினார். சாயத்தைக் குறை சொன்னார், தையலைக் குறை சொன்னார், ஐநூறு எடுக்கிறவனுக்கும் ஐம்பது எடுக்கிறவனுக்கும் ஒரே விலையா என்று கேட்டார். மண்டியில் உட்கார்ந்து நெல் வாங்கிய மனுஷர், சும்மா விடுவாரா? எதிரே வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பி, சும்மாவே கொடுத்துத் தொலை என்று சைகை காட்டினார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

“சரி, ஒத்த ரூவா குறை.”

“கட்டாது மாமா.”

“சொந்தக்காரன்னுகூடப் பாக்க மாட்டியா?”

“இல்ல மாமா” என்றேன்.

“நான் மதுரையிலயே பாத்துக்கிடுதேன்” என்று போனை வைத்துவிட்டார். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். நான் மெஷினில் நூல் கோக்க உட்கார்ந்தேன். ஊசிக் காது கண்ணுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன். “ஏளா, இந்தக் கார்டு நம்பர எங்கன போடணும்?” ஒவ்வொரு எண்ணாக அவர் வாசிக்கப் போனார், எனக்குச் சொல்லக் கூடாது, நீங்களே அந்தக் கட்டத்தில் போடுங்கள் என்றேன். திட்டிக்கொண்டே போட்டார். முழு விலை. “சாயம் போச்சுன்னா திருப்பி எடுத்துக்கிடுவியா?” என்றார்.

“எடுத்துக்கிடுதேன் மாமா.”

“சரி. பில்லு அனுப்பு.”

போனை வைத்துவிட்டு மெஷின்மேல் தலையைச் சாய்த்து அழுதேன். வீட்டுக்காரர் பதறி எழுந்து வந்தார்.

“எம்புட்டுளா குறைச்ச?”

“ஒரு பைசா குறைக்கல” என்றேன்.